கரையீடும் சீட்டும்: நிலப்பகிர்வு முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி
(சேலம், நாமக்கல் சமவெளியை முன்னிட்டு)

1. தோற்றுவாய்

நிலத்தைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்குங்கால் சீட்டிட்டுப் பார்க்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. அது ஒரு நாட்டிற்கோ ஓர் இனத்திற்கோ உரியதன்று. பல மொழிகளின் சொல்வழக்கே இதற்குச் சான்றாகும். பண்டை அக்காடிய மொழியில் ‘இசுக்கு’ என்னுஞ் சொல் சீட்டையும் சீட்டால் வந்த பங்கையும் ஒருங்கே குறித்தது. கிரேக்கத்தில் ‘கிளேரோசு’ என்பது சீட்டுமாகும். குடிமகனுக்கு உரிய நிலக்கூறுமாகும். எபிரேயத்தில் ‘கோரால்’ என்பதும் அவ்வாறே இருபொருள் பயப்பது. ஆங்கிலத்தில் மனையைக் குறிக்க இன்றும் வழங்கும் ‘லாட்’ என்னுஞ் சொல்லும் இவ் வழியதே. தமிழில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கவில்லை. ஆயினும் எல்லை, பங்கு என்னும் பொருள்களையுடைய ‘கரை’ என்னுஞ் சொல்லின் அடியாகக் ‘கரையீடு’ என்னும் தொடர் தோன்றி, ஊர்நிலங்களைப் பங்காளர்க்கு மீண்டும் மீண்டும் பகிர்ந்தளிக்கும் முறைக்குப் பெயராயிற்று.

பண்டை இசுரவேலர் கானான் நாட்டைத் தம் குலங்கட்குச் சீட்டிட்டுப் பகிர்ந்த செய்தி விவிலியம் கற்றார் யாவரும் அறிந்ததே. அதனையொத்த முறை தமிழகத்தில் இருந்ததா, இருந்ததாயின் எங்கு இருந்தது, எங்கு இல்லை, இல்லாமைக்குக் காரணம் யாது என்பனவற்றை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். கரையீடு தழைத்த தொண்டை நாட்டையும் சோழ நாட்டையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அது வேரூன்றாத சேலம், நாமக்கல் சமவெளியை அதனோடு ஒப்பிட்டுக் காண்பார் அருகியே உளர். இல்லாத இடத்தை நோக்கினாலன்றி, உள்ள இடத்தின் இயல்பு முழுதும் விளங்காது.

தொடங்குமுன் ஒன்று கூறுதல் வேண்டும். சேலம் என்னும் ஊர்ப்பெயரின் ஒலி, விவிலியத்து வரும் ‘சாலேம்’ என்னும் பெயரை நினைவூட்டலாம். ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டு உறவு கற்பித்தல் ஆராய்ச்சி நெறியன்று. இங்கு நாம் ஒப்பிடுவது முறைகளையே, பெயர்களை அன்று.

2. இசுரவேலர் கண்ட பகிர்வு

எண்ணாகமமும் யோசுவாவின் நூலும் கூறும் செய்தியை முதற்கண் சுருக்கிக் காண்போம். ரூபன், காத் என்னும் குலத்தாரும் மனாசே குலத்தில் ஒரு பாதியினரும் யோர்தானுக்குக் கிழக்கே தம் பங்கைப் பெற்றனர். எஞ்சிய ஒன்பதரைக் குலத்தார்க்கு ஆற்றின் மேற்கிலுள்ள நாடு சீட்டினால் பகிரப்பெற்றது. யூதாவும் யோசேப்பின் வழியினரும் முன்னர்ப் பங்கு பெற்றுவிட, ஏழு குலங்கள் பங்கின்றி நின்றன. அப்பொழுது குலத்திற்கு மும்மூவராக ஆட்களைத் தெரிந்து அனுப்பி, நாட்டைச் சுற்றி நோக்கி, ஊர்ஊராக ஏழு கூறுகளாக எழுதி வருமாறு யோசுவா பணித்தான். அவ்வேடு வந்தபின், சீலோவில் இறைவன் திருமுன்னர்ச் சீட்டிட்டு அக் கூறுகளை அவன் பகிர்ந்தளித்தான். குருவாகிய எலெயாசாரும் குலத்தலைவரும் உடனிருந்தனர்.

இவ் வரலாற்றில் மூன்று கூறுகள் உற்றுநோக்கத்தக்கன. முதலாவது, சீட்டுக்கு முன் அளவை நிகழ்ந்தது. நிலத்தைக் காணாமலும் கூறுபடுத்தாமலும் எவரும் சீட்டிடவில்லை. இரண்டாவது, தலையெண்ணிக்கை. பெருங்குலத்திற்கு மிகுதியும் சிறுகுலத்திற்குக் குறைவும் அளிக்கவேண்டும் என்பதும், சீட்டின்படியே பகிரவேண்டும் என்பதும் எண்ணாகமத்தில் அடுத்தடுத்துக் காணப்பெறுகின்றன. அளவை எண்ணிக்கை தீர்மானிக்குமாயின் சீட்டுக்கு வேலை யாது என்னும் வினா இங்கு எழும். நிலம் எத்திசையில், எவ்விடத்தில் என்பதனைச் சீட்டும், எவ்வளவு என்பதனை எண்ணிக்கையும் உறுதிசெய்தன எனக் கொள்வதே பொருத்தமாகும். மூன்றாவது, சீட்டு விழுந்த பின்னும் திருத்தம் இருந்தது. யூதாவின் பங்கு மிகையாயிருந்தமையின் சிமியோன் குலத்தார்க்கு அதனுள்ளேயே இடமளிக்கப்பெற்றது. யோசேப்பின் வழியினரோ, தாம் திரளாக இருக்கத் தமக்கு ஒரே பங்கு அளித்ததேன் என முறையிட்டனர். சீட்டு வழக்கைத் தீர்ப்பது உண்மை. ஆயினும் வழக்கே எழாதபடி செய்யும் ஆற்றல் அதற்கில்லை.

இந்நூல் கூறுவதனைத்தும் நிகழ்ந்தவாறே எழுதப்பட்ட வரலாறு என இக்கால அறிஞர் கொள்வதில்லை. ஊர்ப் பட்டியல்களிற் பல, பின்வந்த அரசர் காலத்து ஆட்சிப் பிரிவுகளைக் காட்டுவன என்பது செருமானிய அறிஞர் ஆல்பிரெக்டு ஆல்டு முதலானோர் கருத்து. ஆயினும் நிலவுரிமை பற்றிய பழைய நினைவுகள் அதனுள் உறைந்துள்ளன என்பதற்குச் சான்று உண்டு. மனாசே குலத்துச் செலொப்பியாத்து என்பானுக்கு ஆண்மக்கள் இல்லை. அவன் புதல்வியர் ஐவரும் தந்தையின் பங்கு தமக்கு வேண்டுமென வழக்குரைத்துப் பெற்றனர் என்பது விவிலியச் செய்தி. 1910ஆம் ஆண்டில் சமாரியா அகழ்வில் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஓட்டுச் சாசனங்களில் அப் புதல்வியருள் நோவாள், ஒக்லாள் என்னும் இருவர் பெயர்களும் நிலப்பகுதிகளின் பெயர்களாகக் காணப்பெறுகின்றன. குடிவழியின் பெயரே மண்ணின் பெயராய் நின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இசுரவேலர் பகிர்வு ஒருமுறையே நிகழ்ந்ததாகக் கூறப்படுவது. கைமாறிய நிலம் ஐம்பதாம் ஆண்டில் பழைய குடிக்கே மீளவேண்டும் என்னும் லேவியராகம விதி, அம் முதற் பகிர்வைக் காக்க எழுந்ததாகும். ஆயினும் மீகா என்னும் தீர்க்கதரிசியின் நூலில், வலியார் எளியாரின் வயல்களைக் கவர்ந்ததனைக் கண்டித்து, சபையில் சீட்டிட்டு அளவுநூல் போடுவார் அவர்க்கு இல்லாமற் போவர் என்னுங் கருத்தில் ஒரு குறிப்பு வருகின்றது. ஊர்தோறும் நிலத்தை மீண்டும் பகிரும் வழக்கம் இருந்திருக்கலாம் எனச் சிலர் இதனைக்கொண்டு கருதுவர்.

3. பசுங்கரையும் அறுதிக்கரையும்

இவ் வேறுபாட்டை விளக்குதற்குரிய சொற்கள் தமிழிலேயே உள்ளன. தொண்டை நாட்டு மிராசு ஊர்களை ஆராய்ந்து விடைகள் எழுதிய எல்லீசு துரையும் அவர்தம் காலத்துப் பிற அலுவலரும் இருவகை ஊர்களைக் குறித்தனர். ஊர்நிலம் முழுதும் பங்காளர் அனைவர்க்கும் பொதுவாய் நிற்க, விளைவையேனும் உழும் வயல்களையேனும் காலந்தோறும் பகிர்ந்துகொள்ளுதல் பசுங்கரை எனப்பட்டது. இன்ன வயல் இன்னார்க்கு என ஒருமுறை வகுத்து, பின் மாற்றாது விடுதல் அறுதிக்கரை. அறுதி என்பது முடிவு. தஞ்சை நாட்டில் ஊர் முழுதும் ஒருவர்க்கே உரியதாயின் ஏகபோகம் என்றும், பலர்க்குத் தனித்தனியே பிரிந்து நிற்பின் பலபோகம் என்றும், பொதுவாய் நிற்பின் சமுதாயம் என்றும் வழங்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில் தஞ்சையின் 5,783 ஊர்களுள் ஏகபோகம் 1,807, பலபோகம் 2,202, சமுதாயம் 1,774 எனக் காணப்பெறுகின்றது. ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு ஊர்கள் அக்காலத்தும் பொதுநில ஊர்களாய் இருந்தன என்பது கருதத்தக்கது.

ஆகவே, இசுரவேலர் கானானில் செய்தது நம் வழக்கில் அறுதிக்கரையே. மீகா சுட்டுவதாகக் கருதப்படுவது பசுங்கரை.

கரையீட்டின் நடைமுறை பின்வருமாறு அமைந்தது. ஊரின் பங்குகள் முதலில் வரையறுக்கப்பெற்றன. அவை சில கரைகளாகத் தொகுக்கப்பெற்றன. ஒவ்வொரு கரைக்கும் உரிய பங்காளர் இன்னார் என்பது ஊரறிந்தது. நிலத்தைத் தலைமடை, கடைமடை எனவும், நல்ல மண், களர் மண் எனவும் பிரித்து, எல்லாத் தரமும் ஒவ்வொரு கரைக்கும் கிட்டுமாறு கூறு செய்தனர். பின்னர்ச் சீட்டினாலோ உடன்பாட்டினாலோ கூறுகள் கரைகட்கு உரியவாயின. சில ஊர்களில் ஆண்டுதோறும், சிலவற்றில் சில ஆண்டுகட்கு ஒருமுறையும் இது நிகழ்ந்தது. காலம் நிறைந்ததும் இன்று தலைமடையை உழுதவன் நாளை கடைமடைக்குச் செல்வான்.

இம் முறையின் உயிர்நிலை நீராகும். ஏரியின் நீரை நம்பிய ஊரில் தலைமடைக்காரன் வறட்சியிலும் ஒரு போகம் காண்பான். கடைமடைக்காரன் நல்ல ஆண்டிலும் நீருக்கு ஏங்குவான். மழை பொய்க்குந்தோறும் இவ் வேறுபாடு பகையாக முற்றும். எவரும் என்றும் தலைமடையில் இரார், எவரும் என்றும் கடைமடையில் இரார் என்னும் உறுதியே, ஏரிக்கரையை அனைவரும் கூடிக் காக்கச் செய்தது. ஏரியைத் தூர்வாரும் உழைப்பில் எல்லார்க்கும் சமமான அக்கறை இருத்தல் வேண்டுமாயின், நீரின் பயனிலும் எல்லார்க்கும் சமமான வாய்ப்பு இருத்தல் வேண்டுமன்றோ?

இத்தகைய முறை உலகில் பிறவிடத்தும் இருந்தது. வடமேற்கு எல்லையில் சுவாத்துப் பள்ளத்தாக்கின் யூசுப்சாய் பட்டாணியர் ‘வேசு’ என்னும் பெயரால் நிலத்தைக் காலந்தோறும் மாற்றிக்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டினரான சேக்கு மாலி என்பவர் அதனை வகுத்தவராகக் கூறப்படுகின்றார். அங்குக் குடிகள் வீட்டையும் விட்டு மற்றோர் ஊர்க்கே பெயர்ந்தனர். 1920களில் சுவாத்தின் ஆட்சியாளர் இதனை நிறுத்தி நிலங்களை நிலைபெறச் செய்தார். உருசிய நாட்டு ‘மீர்’ என்னும் ஊர்க்கூட்டமும் குடும்பங்களின் அளவிற்கேற்ப நிலத்தை மாற்றிப் பகிர்ந்ததே. எனவே ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு இம்முறை சென்றது எனக் கூறவேண்டுவதில்லை. ஒத்த இடர் ஒத்த தீர்வைத் தோற்றுவித்தது எனலே அமையும்.

இதன்கண் ஓர் இயைபு வியப்பிற்குரியது. தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பின்னர்ப் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, ரூத்து வரை முடித்து, 1719ஆம் ஆண்டில் மறைந்தார். யோசுவாவின் நூல் அப்பகுதியுள் அடங்கும். எனவே, நிலத்தைச் சீட்டிட்டுப் பகிர்ந்த வரலாறு முதன்முதல் தமிழ் வடிவம் பெற்றது, சமுதாய ஊர்கள் மலிந்த தஞ்சை நாட்டிலேயே ஆகும்.

4. குடவோலையும் பங்கும்

சீட்டு என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் தோன்றுவது குடவோலையே. கயிற்றாற் பிணித்த குடத்தினின்று ஓலை எடுப்பதனை மருதன் இளநாகனார் அகநானூற்று 77ஆம் பாட்டில் உவமையாக்கியுள்ளார். எனவே சங்ககாலத்திலேயே இவ் வழக்கம் நிலைபெற்றிருந்தது. உத்தரமேரூரில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதன் நடைமுறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டன. உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்து அதனை உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். கரவுக்கு இடமின்றிச் செய்யும் கருத்து ஒவ்வொரு செயலிலும் விளங்குகின்றது.

இதனைப் புகழ்வார் பலர். ஆயினும் குடத்துள் ஓலை புகுவதற்கு வேண்டிய தகுதி யாது என்பதனை நம் ஆராய்ச்சிக்கு முதன்மையாகக் கொள்ளல் வேண்டும். இறைநிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாயும், தன் மனையில் வீடு கட்டியிருப்பவனாயும், வேதமறிந்தவனாயும் இருத்தல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாயின் அரைக்கால் வேலி நிலம் போதும். கி.பி. 800ஆம் ஆண்டை ஒட்டிய மானூர்க் கல்வெட்டும் ஊரிற் பங்குடைமையையே சபையில் அமர்வதற்குரிய தகுதிகளுள் ஒன்றாக வைத்தது. கரையீட்டில் பங்குடையார்க்கு நிலம் சீட்டினால் வந்தது. குடவோலையில் நிலமுடையார்க்குப் பதவி சீட்டினால் வந்தது. இரண்டும் ஒரே வட்டத்துள் சுழன்றன. வட்டத்திற்கு வெளியே நின்றார்க்கு இரண்டினும் இடமில்லை.

5. சேலம், நாமக்கல் சமவெளி

இனி, சேர்வராயன் மலைக்கும் கொல்லி மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை நோக்குவோம். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இதனூடு பாய்ந்து காவிரியை அடைவன. சேடர்பாளையத்தில் பிரியும் இராசவாய்க்காலால் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களில் நன்செய் உண்டு. எனினும் பெரும்பகுதி புன்செய்யும் கிணற்றுப் பாசனத் தோட்டமுமே. இங்கே உழவனின் செல்வம் அவன் வெட்டிய கிணறு. பாறையை உடைத்து, கவலை பூட்டி, தலைமுறையாக எருவிட்டு அவன் ஆக்கிய தோட்டத்தைச் சில ஆண்டு கழித்து மற்றொருவன் கையில் விடுத்து வேறிடம் செல்லுமாறு கூறினால், கிணறு வெட்டுவார் எவரும் இரார். ஏரிநீர் பொதுவாதலின் நிலமும் பொதுவாதல் கூடும். கிணற்றுநீர் தனியுழைப்பின் பயனாதலின் நிலமும் தனியே நிற்கும். கரையீடு இப் பகுதியில் வேரூன்றாமைக்கு முதற் காரணம் இதுவே என்பது என் துணிபு.

இரண்டாவது காரணம் ஊரமைப்பு. கொங்கு நாட்டில் பிரமதேயங்கள் ஒப்பளவில் குறைவு. காணியுரிமை குலத்தையும் ஊரையும் கோயில் முதன்மையையும் ஒட்டி நின்றது. இன்ன கூட்டத்தார் இன்ன ஊர்க் காணியாளர் எனப் பட்டயங்கள் கூறும். பங்குகளை எண்ணி எழுதி, பங்கு ஒன்றிற்கு இவ்வளவு என வகுக்கும் சபைமரபு இங்கு வலுப்பெறவில்லை.

இந் நிலப்பரப்பு 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு வந்தது. காப்டன் அலெக்சாந்தர் ரீடு கண்காணிப்பாளராக அமர்ந்தார். வடபகுதியைக் கிரகாமும் நடுப்பகுதியைத் தாமசு மன்றோவும் சேலத்தை உள்ளிட்ட தென்பகுதியை மெக்லியோடும் ஏற்றனர். தொண்டை நாட்டில் கண்ட மிராசு பங்குகள் இங்கில்லாமையால், வயல்தோறும் அளந்து, மண்ணின் தரம் கண்டு, உழுவானொடு நேரே தீர்வை பேசும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய இரயத்துவாரி முறை இம் மண்ணிலேயே உருப்பெற்றது. வயலுக்கு விதித்த தீர்வையை உயர்த்துவதில்லை, உழவன் தன் செலவிற் செய்த திருத்தத்தின் பயன் அவனையே சாரும் என்னும் கருத்தை ரீடு 1796ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கொண்டிருந்தது. கிணற்று நாட்டிற்கு இக் கருத்து எத்துணைப் பொருந்தியது என்பது சொல்லாமலே விளங்கும்.

கரையீட்டையும் இரயத்துவாரியையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். மண் எங்கும் ஒரு தரத்ததன்று என்பதே இரண்டிற்கும் அடிப்படை. கரையீடு மண்ணை அவ்வாறே விட்டு மனிதரை மாற்றியது. இரயத்துவாரி மனிதரை அவ்வாறே விட்டுத் தீர்வையை மாற்றியது. நல்ல மண்ணுக்கு மிகுந்த தீர்வை, மெலிந்த மண்ணுக்குக் குறைந்த தீர்வை என்பதனால் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யலாம் என அது கருதியது. முன்னதில் நடுவுநிலை காப்பது சீட்டு. பின்னதில் அளவுகோலும் தரம்பிரிப்பானின் நேர்மையும். சீட்டுக்குக் கையூட்டுக் கொடுத்தல் அரிது, தரம்பிரிப்பானுக்கு அரிதன்று. முன்னதின் வலிமையும் பின்னதின் மெலிவும் இதுவே.

மூன்றாவதாக ஒரு முறையையும் இச் சமவெளி கண்டது. 1802ஆம் ஆண்டிற்குப் பின் நிலையான தீர்வைக் கொள்கை மேலோங்க, ரீடு அளந்த நிலங்கள் மிட்டாக்களாகத் தொகுக்கப்பெற்று ஏலத்தில் விற்கப்பெற்றன. உழுதவன் ஒருவன், வாங்கியவன் மற்றொருவன். மிட்டாதார் பலர் தொகை கட்டவியலாது வீழ்ந்தனர். அவர்தம் மிட்டாக்கள் மீண்டும் இரயத்துவாரியாயின. எஞ்சியவை 1948ஆம் ஆண்டின் எசுடேட்டு ஒழிப்புச் சட்டத்தால் மறைந்தன. சீட்டு, அளவுகோல், ஏலம் என்னும் மூன்றனுள், சீட்டு எவர் வலிமையையும் நோக்காது. அளவுகோல் உழைப்பை நோக்கும். ஏலம் பணம் ஒன்றையே நோக்கும். மிட்டா முறை குறைந்த காலத்திலேயே பலவிடத்தும் சரிந்தமை, மூன்றனுள் எது மண்ணோடு ஒட்டாதது என்பதனைக் காட்டும்.

6. பங்காளிகளும் திருவுளச்சீட்டும்

ஊரளவில் சீட்டு இல்லையேனும் குடும்ப அளவில் அது இச் சமவெளியில் உண்டு. பாகப்பிரிவினையின்போது பெரியோர் நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் வீட்டையும் கூறு செய்வர். மூத்தவன் கூறு வைக்க இளையவன் முதலில் எடுத்தல் என்பது ஒரு வழி. உடன்பாடு எய்தாவிடின், கூறுகளைச் சீட்டில் எழுதிக் குலதெய்வத்தின் முன் குலுக்கி எடுத்தல் மற்றொரு வழி. இதற்குத் திருவுளச்சீட்டு என்று பெயர். வெள்ளைப் பூவையும் செந்நிறப் பூவையும் தனித்தனியே பொதிந்து வைத்துச் சிறுவரை எடுக்கச் செய்து தெய்வத்தின் கருத்தறியும் பூக்கேட்டல் வழக்கமும் கொங்கு நாட்டில் உண்டு. உத்தரமேரூர்ச் சிறுவனும் பூப்பொதி எடுக்கும் சிறுவரும் ஒரு மரபினரே.

இங்கு வடமொழி அறநூற் கருத்து ஒன்று துணைபுரிகின்றது. தாயபாகம் இயற்றிய சீமூதவாகனர், பாகம் என்பதற்கு இலக்கணம் கூறுங்கால், முன்னரே பிறந்திருந்தும் இன்ன பொருளில் என விளங்காதிருந்த உரிமையைச் சீட்டிடுதல் முதலியவற்றால் வெளிப்படுத்துதலே பாகம் என்னும் கருத்துப்பட உரைத்தார். சீட்டு உரிமையைத் தோற்றுவிப்பதன்று. உள்ள உரிமையின் இடத்தைக் காட்டுவது என்பது இதனாற் பெறப்படும். சீலோவில் விழுந்த சீட்டும் இவ்வாறே. குலங்கட்கு நாடு முன்னரே வாக்களிக்கப்பட்டிருந்தது. எது எவர்க்கு என்பதனை மட்டுமே சீட்டு கூறிற்று. கரையீட்டிலும் பங்கு முன்னரே உண்டு. வயல் மட்டுமே சீட்டால் வரும்.

7. சீட்டில் எழுதப்பெறாத பெயர்கள்

மேற்கூறியது உண்மையாயின், சீட்டின் நேர்மையை அளக்கும்போது சீட்டை எடுத்த கையை மட்டும் நோக்குதல் போதாது. சீட்டில் எவர் பெயர் எழுதப்பெற்றது என்பதனையும் நோக்குதல் வேண்டும். பழைய ஊராட்சியைப் பாராட்டுவார் பெரும்பாலும் இதனை விடுத்தனர். கரையீட்டைப் பொதுவுடைமை எனக் கூறுவாரும் உளர். பங்காளர்க்குள் அது பொதுவே. ஆனால் அவ் வயலில் இறங்கி உழுத பண்ணையாட்களுக்கு அதில் ஒரு குழியும் இல்லை. வயல் கைமாறுந்தோறும் அவர்கள் உழைப்பும் உடன் கைமாறியது.

இதன் விளைவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டது. செங்கற்பட்டு மாவட்ட அலுவலராயிருந்த திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை, தாழ்த்தப்பட்ட மக்கள் நிலம் பெறவியலாமைக்கு மிராசுதாரின் முன்னுரிமை ஒரு பெருந்தடை என்பதனை எடுத்துக்காட்டியது. தரிசு நிலத்தையும் பிறர் கேட்டுப் பெற அது இடந்தரவில்லை. 1892ஆம் ஆண்டின் அரசாணை அம் மக்களுக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. பஞ்சமி நிலம் என இன்றும் வழங்குவது அதுவே. பொதுவுடைமை எனப் புகழப்பட்ட ஊர்களிலேயே நிலமின்மையின் கொடுமை மிக்கிருந்தமை, சீட்டின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகின்றது. மிராசு இல்லாத சேலம், நாமக்கல் பகுதியிலும் உழுவார் அனைவரும் நிலமுடையார் ஆயினர் என்பதன்று. இரயத்துவாரிப் பட்டாவும் முன்னரே நிலத்தைப் பற்றியிருந்தார் பெயருக்கே எழுதப்பெற்றது. முறை வேறாயினும் விடுபட்டார் பெரும்பாலும் ஒரு திறத்தினரே.

பெண்டிர் நிலையும் இதனோடு ஒத்தது. செலொப்பியாத்தின் புதல்வியர் வழக்குரைத்தமையால் அவர் பெயர் சீட்டில் ஏறிற்று. ஆயினும் தம் குலத்துள்ளேயே மணம்புரிய வேண்டும் என்னும் வரையறை உடன் வந்தது, நிலம் குலத்தினின்று நீங்கக்கூடாது என்பதற்காக. நம் நாட்டுப் பாகப்பிரிவினைச் சீட்டில் மகளிர் பெயர் நெடுங்காலம் எழுதப்பெறவில்லை. சீர்வரிசையோடு அவர் பங்கு முடிந்ததாகக் கருதினர். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனையொத்த பிறப்புரிமையைத் தமிழகம் 1989ஆம் ஆண்டில் வழங்கியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுமைக்கும் அதனை விரித்தது. இன்று ஒரு குடும்பத்தில் திருவுளச்சீட்டு எழுதுங்கால் மகளின் பெயரையும் எழுதுதல் சட்டப்படி கடமை. எழுதாத சீட்டு, தெய்வத்தின் முன் குலுக்கப்பட்டாலும், நேர்மையுடையதாகாது.

8. முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: நிலப்பகிர்வில் சீட்டு என்பது மண்ணின் ஏற்றத்தாழ்வுக்கு மாந்தர் கண்ட தீர்வுகளுள் ஒன்று. இசுரவேலர் ஒருமுறை செய்த பகிர்வும் தொண்டை, சோழ நாடுகளில் காலந்தோறும் நிகழ்ந்த கரையீடும் அறுதிக்கரை, பசுங்கரை என்னும் இரு தமிழ்ச் சொற்களால் வேறுபடுத்தற்குரியன. பொதுநீரை நம்பிய நன்செய் நாட்டில் கரையீடு தழைத்தது. தனிக்கிணற்றை நம்பிய சேலம், நாமக்கல் சமவெளியில் அது தழைக்கவில்லை. அங்கே அளவுகோல் அதன் இடத்தைப் பெற்றது. இம் மூன்றினும் பங்குடையார் யார் என்னும் வினா முன்னரே முடிந்துபோன ஒன்றாக இருந்தது.

கரையீடு இன்று இல்லை. தனிப்பட்டா வந்தபின் பசுங்கரை ஊர்கள் அறுதிக்கரை ஆயின. பின்னர் அப் பெயரும் மறைந்தது. எனினும் வீட்டுவசதி வாரியத்தின் மனை ஒதுக்கீட்டிலும், பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடத்தை மீனவர் பகிரும் ‘பாடு’ முறையிலும், ஒத்த வாக்குப் பெற்ற இருவருள் ஒருவரைத் தெரியும் உள்ளாட்சித் தேர்தலிலும் குலுக்கல் நம்மிடையே வாழ்கின்றது. மக்கள் இன்றும் அதனை நம்புகின்றனர். அந் நம்பிக்கை வீணன்று. குடத்துள் கைவிடும் சிறுவன் எவர்க்கும் வேண்டியவனல்லன், எவர்க்கும் வேண்டாதவனுமல்லன். ஆனால் அவன் எடுக்கக்கூடியது குடத்துள் இடப்பட்ட ஓலையை மட்டுமே. ஓலையை எழுதுவோர் பெரியோர். ஊர்வரலாறு எழுதப் புகும் ஆராய்ச்சியாளர், எடுத்த ஓலைகளை எண்ணுவதோடு அமையாது, எழுதப்பெறாத ஓலைகளையும் தேடுவாராக.